ஏஜெண்டிடம் நின்றுபோன 18,000 வெள்ளி

கேள்வி: வணக்கம் அக்கா. பினாங்கில், பிறையில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு ஐந்து டன் பாக்ஸ் லோரி ஓட்டுகிறேன். ஃபார்வர்டிங் ஏஜெண்டுகள் கொடுக்கும் லோடுதான் பிழைப்பு. புக்கிட் மின்யாக்கில் ஏற்றி ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் இறக்குவேன். ஒரு டிரிப்புக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்). அதில் டீசல், டோல், சாப்பாடு, ஆள்கூலி என்று 600 வெள்ளி முதலில் என் கையிலிருந்து போய்விடும். பிறையிலேயே ஆபீஸ் வைத்திருக்கும் ஓர் ஏஜெண்ட் மூன்று மாதமாக 15 டிரிப்புக்குக் காசு தரவில்லை. மொத்தம் 18,000 வெள்ளி. கேட்டால் "கஸ்டமர் இன்னும் போடலை, அடுத்த வாரம்" என்கிறார். சரக்கை இறக்கியதற்கான டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) எல்லாவற்றையும் அவர் ஆபீசில் கொடுத்துவிட்டேன். பெர்மிட் மச்சான் கம்பெனி பேரில் இருக்கிறது. இந்த மாத லோரி லோனும் கட்டவில்லை. அடுத்த லோடை இறக்காமல் பிடித்து வைத்தால் காசு வருமா? தாமதத்துக்கு வட்டி போடலாமா? அமெரிக்காவில் புரோக்கர் காசு தராவிட்டால் அவர் கட்டிய பிணைப் பணத்திலிருந்து வாங்கலாம் என்று யூடியூபில் பார்த்தேன். இங்கே அப்படி ஏதாவது உண்டா? ரொம்ப அழுத்தினால் லோடே கொடுக்காமல் போய்விடுவாரோ என்ற பயமும் இருக்கிறது.

– பிறை வாசகர்

பதில்: தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த லோடையும் பிடித்து வைக்காதீர்கள். லோரியில் இருக்கும் சரக்கு ஏஜெண்டுடையது இல்லை, தொழிற்சாலையுடையது. இறக்காமல் வைத்துக்கொண்டால் அவர்கள் நேராகப் போலீசுக்குப் போவார்கள். நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் சரக்கு ஏற்றிச் செல்பவர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கென்றே 407ஆம் பிரிவு இருக்கிறது. உங்கள் விஷயம் அந்தப் பிரிவுக்குள் வருமா என்பதை வக்கீல்கள் பிறகு வாதாடிக்கொள்ளலாம். அதற்குள் நீங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பீர்கள், காசு தராதவர் நல்லவர் ஆகிவிடுவார். இப்போது நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பாக்கி வராமல் புது லோடு ஏற்ற மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது அவசரம் லோரி லோன். "ரெண்டு மாசம் தொடர்ந்து கட்டாம இருந்தாதான் வண்டியை இழுப்பான், அதுக்கும் நோட்டீஸ் கொடுக்கணும்" என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் கார் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு அது. சரக்கு வண்டிகளில் சுமையோடு சேர்த்து 2,540 கிலோவுக்கு மேல் போகாத சின்ன வண்டிகளைத்தான் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. உங்கள் ஐந்து டன் லோரி அதற்குள் வராது. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான் நடக்கும். ஆகவே அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல், வர வேண்டிய பாக்கிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நேரில் போங்கள். ஒரு தவணை நின்றிருக்கும்போது போய்ப் பேசுகிறவருக்குத் தவணையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பார்கள். மூன்று தவணை விட்டுவிட்டு ஃபோனை எடுக்காமல் இருப்பவருக்கு அந்தப் பேச்சே கிடையாது.

சரி, இப்போது ஏஜெண்ட் விஷயம். ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பட்டர்வொர்த்தில் சின்ன டிரான்ஸ்போர்ட்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் அந்த ஆபீசுக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் கணக்குப் பெண் ஒரு பட்டியல் போட்டு முதலாளி மேசையில் வைப்பாள். கையில் இருக்கும் காசு அந்தப் பட்டியலுக்குப் போதாது. அநேகமாக எந்த மாதமும் போதாது. முதலாளி மேலிருந்து டிக் அடித்துக்கொண்டு வருவார். கப்பல் கம்பெனிக்குக் கட்டாவிட்டால் கண்டெய்னரை விட மாட்டார்கள், அதனால் முதல் டிக் அங்கே. சுங்க வரிக்கு அடுத்தது. பிறகு ஆட்கள் சம்பளம், ஆபீஸ் வாடகை. மிச்சத்தில்தான் லோரிக்காரர்கள். அவர்களிலும் பேப்பர் எல்லாம் சுத்தமாக இருந்து, தேதி தவறாமல் கேட்கிறவருக்கு முதலில் போகும். டி.ஓ.வில் சாப் (கம்பெனி முத்திரை) இல்லை, இன்வாய்ஸில் டிரிப் தேதி தப்பு என்றால் அது தனி ஃபைலுக்குப் போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் அந்த ஃபைலைத் திறக்க யாருக்கும் அவசரமும் இருக்காது. பேப்பரும் அரைகுறை, கேட்பதும் எப்போதாவது ஒரு முறை என்றால், அவருக்கு அந்த மாதம் வராது, அடுத்த மாதமும் வராது.

உங்கள் ஏஜெண்ட் மோசக்காரர் என்று நான் முடிவு கட்டவில்லை. தொழிற்சாலைகள் அவருக்கு 60 நாள், 90 நாள் கழித்துத்தான் கொடுக்கும். இடையில் அவருக்குக் காசு வேண்டும். பேங்கில் வாங்கினால் வட்டி, உங்களிடம் நிறுத்தி வைத்தால் வட்டி இல்லை. உங்கள் கணக்கையே எடுத்துப் பாருங்கள். டிரிப்புக்கு 600 வீதம் 15 டிரிப், 9,000 வெள்ளி. உங்கள் உழைப்பும் லாபமும் வராதது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த 9,000 நீங்கள் டீசலாகவும் டோலாகவும் ரொக்கமாகப் போட்டது. லோரி லோன் கட்ட முடியாத ஒருவர், ஆபீஸ் வைத்து நடத்தும் ஒருவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். எனக்கு இது ஒவ்வொரு முறையும் மனதை உறுத்தும்.

"கஸ்டமர் இன்னும் போடலை" என்பது உங்களைக் கட்டுப்படுத்தும் பதில் இல்லை. லோடு கொடுத்தது ஏஜெண்ட், வாடகை பேசியது ஏஜெண்ட். கஸ்டமர் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொள்வேன் என்று நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, அவருக்கும் கஸ்டமருக்கும் உள்ள கணக்கு உங்களைச் சேராது. கட்டுமானத் தொழிலில் இந்த மாதிரி "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனையை எழுதியே வைத்தாலும் செல்லாது என்று 2012இல் ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். லோரித் தொழிலுக்கு அப்படி ஒன்று இல்லை. சிமெண்ட் கலக்குகிறவருக்கு இருக்கும் பாதுகாப்பு அந்தச் சிமெண்டை ஏற்றி வருகிறவருக்கு இல்லாதது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வரும்வரை நம்மை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலையாக 15 டிரிப்புக்கும் ஒரு பட்டியல் எழுதுங்கள். தேதி, எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது, டி.ஓ. நம்பர், இன்வாய்ஸ் நம்பர், தொகை. டி.ஓ. எல்லாம் அவரிடம் போய்விட்டதே என்று கலங்க வேண்டாம். இறக்கிய கோடவுனிலும் ஒரு பிரதி இருக்கும். அடிக்கடி போகும் இடம் என்றால் ஸ்டோர் ஆட்களுக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும், பணிவாகக் கேட்டால் ஃபோட்டோ எடுத்துக்கொள்ள விடுவார்கள். தொழிற்சாலை கேட்டில் கார்டு உங்கள் வண்டி நம்பரை எழுதி வைத்திருப்பார். டச் அண்ட் கோ கணக்கை இறக்கினால் எந்தத் தேதியில் எந்த டோலைத் தாண்டினீர்கள் என்பது வந்துவிடும். ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் "நாளைக்கு காலை 8 மணி, புக்கிட் மின்யாக்" என்று அனுப்பியிருப்பாரே, அதை அழித்துவிடாதீர்கள். எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லை என்பதால் கேஸ் நிற்காது என்று பலர் நினைக்கிறார்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபோனில் இருக்கும் செய்திகளையும் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டலாம்.

அந்தப் பட்டியலின் அடியில் "இன்றைய தேதிக்கு வர வேண்டிய மொத்தம் 18,000 வெள்ளி, இது சரி என்று உறுதி செய்யவும்" என்று எழுதி இரண்டு பிரதி எடுத்து, நேரில் கொண்டு போங்கள். முதலாளியைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கணக்குப் பெண்ணிடம் கொடுத்து உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்று சாப் வாங்குங்கள். அன்றைக்கே அதை வாட்ஸ்அப்பிலும் ஈமெயிலிலும் அனுப்புங்கள். அவர் "ஓகே, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று பதில் போட்டால்கூட உங்களுக்கு லாபம். கடன் இருக்கிறது என்று அவரே எழுத்தில் ஒத்துக்கொண்டதாகிவிடும். பிறகு நீதிமன்றத்தில் வந்து "அந்த டிரிப் ஓடவில்லை, இந்தச் சரக்கு உடைந்துவிட்டது" என்று புதுக்கதை சொல்வது கஷ்டம்.

இதோடு ஒரு கெடுவும் கொடுங்கள், 14 நாள் போதும். தவணையாகத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் தவணை அன்றைக்கே கையில் வர வேண்டும், மிச்சத்துக்குத் தேதி போட்ட செக் வாங்க வேண்டும். செக் திரும்பினால் அவருக்கும் நஷ்டம் உண்டு. 12 மாதத்துக்குள் மூன்று செக் திரும்பினால் பேங்க் அவருடைய கரண்ட் கணக்கை மூடிவிடும், அதனால் செக் கொடுத்தவர்கள் கொஞ்சம் கவனமாகத்தான் இருப்பார்கள். "பார்க்கலாம் தம்பி" என்ற வாய்வார்த்தைக்கு இந்தப் பலம் இல்லை.

கெடு தாண்டிவிட்டால் வக்கீல் நோட்டீஸ். பாதிப் பேர் அந்த இடத்தில் கொடுத்துவிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அங்கே 100,000 வெள்ளி வரை உள்ள வழக்குகளை எடுப்பார்கள். உங்களுக்கு பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் இரண்டும் பக்கம்தான், எதில் போடுவது என்று வக்கீல் சொல்வார். சம்மன் கிடைத்து 14 நாளுக்குள் ஏஜெண்ட் பதிலுக்கு ஆஜராகாவிட்டால், அவர் இல்லாமலேயே உங்கள் பக்கம் தீர்ப்பு வாங்கலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லி யாராவது யோசனை கொடுப்பார்கள். அங்கே போகாதீர்கள், அது சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்கு, தொழில் பாக்கிக்கு இல்லை. "கம்பெனியையே மூட வைத்துவிடுவேன்" என்று மிரட்டுவதும் உங்கள் தொகைக்கு எடுபடாது. கம்பெனியைக் கலைக்கும் நோட்டீஸ் கொடுக்கப் பாக்கி 50,000 வெள்ளிக்கு மேல் இருக்க வேண்டும், 2021 ஏப்ரல் முதல் அப்படித்தான். காலம் பற்றிப் பயம் வேண்டாம், இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு வருடமும் கம்பெனி உயிரோடு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆறு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள்.

இனி வரும் லோடுகளைப் பற்றி. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த 15 என்ற எண்ணைத்தான். நான்காவது டிரிப்பிலேயே நிறுத்தியிருந்தால் பாக்கி 4,800 வெள்ளியாக இருந்திருக்கும். இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், 5,000 வெள்ளிக்கு மேற்படாத பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு உரிமைக்கோரல் என்று ஒரு வழி இருக்கிறது. படிவம் 198ஐ நிரப்பி நீங்களே போடலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. தனிமனிதர் போடும் வழக்குக்குத்தான் இது, செண்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட்) கம்பெனி போட முடியாது. லோடும் இன்வாய்ஸும் உங்கள் சொந்தப் பேரில் இருந்தால் இது தோதான வழி. 18,000ஐ நான்காக உடைத்து நான்கு சிறு வழக்காகப் போடலாமா என்று கேட்காதீர்கள், ஒரே கடனை அப்படித் துண்டு போட விட மாட்டார்கள். ஆகவே எந்த ஏஜெண்டாக இருந்தாலும், எவ்வளவு நாள் பழக்கமாக இருந்தாலும், நான்கு டிரிப் பாக்கி ஏறியதும் ஐந்தாவதுக்கு வண்டி எடுக்காதீர்கள். இதை ஏஜெண்டிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோபத்தில் நிறுத்தினால் சண்டையாகிவிடும். முன்பே சொன்ன கணக்குப்படி நிறுத்தினால் அவருக்கும் அது வியாபாரம்தான்.

அப்புறம், வாடகையில் டீசலும் டோலும் ஏற்றும்போதே வர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 600 முன்பணம், மிச்சம் 600 முப்பது நாளில். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் புது ஏஜெண்டிடம் இதைக் கேட்பதிலேயே அவர் கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். 600 வெள்ளியை இன்றைக்குக் கொடுக்க முடியாதவர் மாதக் கடைசியில் 4,800ஐ எங்கிருந்து எடுப்பார்?

வண்டி கிளம்பும் முன் ஒரு செய்தி அனுப்பும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம். "நாளை புக்கிட் மின்யாக் – ஷா ஆலாம், 8 பெல்லட், ஓர் இடத்தில் இறக்குவது, 1,200 வெள்ளி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கு 50. முப்பது நாளில் பணம். சரி என்று பதில் போடுங்கள், வண்டி எடுக்கிறேன்." இவ்வளவுதான். தொகையை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பதில் வராமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பல ஏஜெண்டுகள் ஃபோனில் பேசிவிட்டு எழுத்தில் கொடுக்க மறப்பார்கள். நீங்கள் எழுதிவிட்டு அவரிடம் ஒரு "ஓகே" வாங்குவது சுலபம்.

டி.ஓ. விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷா ஆலாமில் இறக்கி முடிக்கிறீர்கள். ஸ்டோர்காரர் ஒரு கோடு கிழித்து டி.ஓ.வை நீட்டுகிறார், "ஆபீஸ் பூட்டியாச்சு, சாப் இல்லை" என்கிறார். பட்டர்வொர்த் திரும்பும் அவசரத்தில் அப்படியே வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிடுவோம். அந்தக் காகிதம்தான் பிறகு கணக்குப் பெண்ணின் தனி ஃபைலுக்குப் போகும். சாப் இல்லாவிட்டால் கையெழுத்துக்குக் கீழே அவர் பெயரைப் படிக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கள், தேதியும் மணியும் போடச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் நீங்களே ஓரத்தில் எழுதி அவரிடம் சின்னக் கையெழுத்து வாங்குங்கள், காத்திருந்ததற்குக் காசு கேட்க அது வேண்டும். பெட்டி நனைந்திருக்கிறது, ஒன்று குறைகிறது என்று அவர் எழுதினால், ஏற்றும்போதே அப்படி இருந்ததா என்பதையும் எழுதுங்கள். பிறகு அந்த ஒரு பெட்டியைக் காட்டி மொத்த வாடகையையும் நிறுத்துவார்கள். சரக்கு இறக்கும் மேடையில் வண்டி நிற்பதையும் கம்பெனி போர்டையும் சேர்த்து ஒரு ஃபோட்டோ. டி.ஓ.வை மேலே, கீழே, பின்பக்கம் என்று மூன்று ஃபோட்டோ. அங்கிருந்து கிளம்பும் முன்பே ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள். அசலைக் கொடுக்கும்போது பிரதியில் சாப் வாங்காமல் கொடுக்காதீர்கள்.

இன்வாய்ஸை மாதக் கடைசிவரை சேர்த்து வைக்காமல் டிரிப் முடிந்த மறுநாளே அனுப்புங்கள். அவர்கள் கணக்கு முடிக்கும் தேதி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 25ஆம் தேதி முடிக்கிறவர்களிடம் 26ஆம் தேதி கொடுத்தால் ஒரு மாதம் போய்விட்டது. மின் இன்வாய்ஸ் 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி படிப்படியாக வந்திருக்கிறது. சின்னவர்களுக்கு விலக்கு இருந்தாலும் ஏஜெண்ட் ஆபீஸ் உங்கள் வருமான வரி எண்ணைக் கேட்கும், அதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அது இல்லை என்பது பணத்தை நிறுத்த ஒரு நல்ல சாக்கு.

புது ஏஜெண்ட் யாராவது கூப்பிட்டால் எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) தளத்தில் சில பத்து வெள்ளிக்குள் கம்பெனி விவரம் எடுக்கலாம். எப்போது தொடங்கியது, டைரக்டர் யார், மூலதனம் எவ்வளவு என்று தெரியும். லோடு பேசுவது ஒரு கம்பெனி பேரில், இன்வாய்ஸ் போடச் சொல்வது இன்னொரு கம்பெனி பேரில் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். எல்லாவற்றையும்விட, தாப்பா ஓய்விடத்தில் தே தாரிக் குடிக்கும்போது மற்ற டிரைவர்களிடம் அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள். யார் எத்தனை மாதம் இழுப்பார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வட்டி கேட்டீர்கள். முன்பே ஒத்துக்கொள்ளாமல் இப்போது திடீரென்று சேர்க்க முடியாது. இன்வாய்ஸின் அடியில் சின்ன எழுத்தில் "மாதம் 1.5 விழுக்காடு" என்று அச்சடித்திருப்பது மட்டும் போதாது, லோடு எடுக்கும் முன் அவர் பார்த்து ஒத்துக்கொண்டதாகக் காட்ட வேண்டும். இனி அனுப்பும் செய்தியில் அந்த வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வாங்கினால் அன்றிலிருந்து ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி கிடைக்கும். உண்மையைச் சொன்னால், இந்த 18,000க்கு வட்டியை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்வதே உங்களுக்கு நல்ல பேரம்: "14 நாளில் கொடுத்தால் அசல் மட்டும் போதும்."

அமெரிக்கப் பிணையைப் பற்றி நீங்கள் பார்த்தது சரிதான். அங்கே சரக்கு புரோக்கராக இருக்க 75,000 டாலர் பிணை வைக்க வேண்டும், காசு வராத லோரிக்காரர் அதில் கேட்கலாம். நம் நாட்டில் அப்படி இல்லை. சுங்க ஏஜெண்டுகள் கொடுக்கும் உத்தரவாதம் சுங்கத் துறைக்கானது, அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது. அங்கே பிணை செய்யும் வேலையை இங்கே உங்கள் நான்கு டிரிப் கணக்குதான் செய்ய வேண்டும்.

லோடு போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் அந்த ஏஜெண்ட் மூன்று மாதமாக உங்களுக்குக் கொடுத்தது வருமானம் இல்லை, செலவு. அவரை விட்டால் மாதம் ஐந்து டிரிப்புக்குப் போடும் 3,000 வெள்ளி உங்கள் கையிலேயே நிற்கும். அவருக்கும் நேரத்துக்கு வரும் வண்டி வேண்டும், அதிலும் சீனப் புத்தாண்டுக்கும் ஹரிராயாவுக்கும் முந்திய வாரங்களில் தொழிற்சாலைகள் சரக்கைத் தள்ளும்போது லோரி கிடைக்காமல் ஏஜெண்டுகள் அலைவார்கள். பழைய பாக்கியைப் பேச அதைவிட நல்ல நேரம் இல்லை. பெருநாளை ஒட்டிச் சில நாள் சரக்கு வண்டிகள் ஓடத் தடை வரும், ஆபீஸ்களும் மூடியிருக்கும். அந்த வெறும் நாட்களுக்கு முன்பே வசூலை முடித்துவிடுங்கள். சின்னத் தொழிற்சாலைகளிடம் நேரடியாக லோடு கேட்கவும் தொடங்குங்கள். புக்கிட் மின்யாக், சிம்பாங் அம்பாட் பக்கம் வாரத்துக்கு ஒரு லோடு அனுப்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வாடகை கொஞ்சம் குறைந்தாலும் நடுவில் ஆள் இல்லை.

கடைசியாகப் பெர்மிட். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் அதிகக் கவலை. மற்றவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவதற்கான ஏ லைசன்ஸ், யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவருக்கு மட்டும்தான், கைமாற்றிக் கொடுக்கக்கூடாது. 2025 மே மாதம் தெலுக் இந்தானில் லோரி மோதி ஒன்பது கலகத் தடுப்புப் போலீஸார் இறந்த பிறகு, லைசன்ஸை வாடகைக்கு விடுவதை நிறுத்தப்போவதாகப் போக்குவரத்து அமைச்சே சொல்லியிருக்கிறது. பாக்கி கேட்டு வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது "பெர்மிட் யார் பேரில்?" என்பதாகத்தான் இருக்கும். லோடு பேசியது நீங்களா, மச்சான் கம்பெனியா? இன்வாய்ஸ் யார் பேரில் போனது? வழக்கு யார் பேரில் போட வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. வக்கீலைப் பார்க்கப் போகும்போது மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள், லைசன்ஸ் பிரதி, வண்டியின் கிராண்ட் (பதிவுச் சான்று), 15 டிரிப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸுக்கு எவ்வளவு, வழக்குக்கு எவ்வளவு என்று முதலிலேயே தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பெர்மிட் விஷயத்தை அவரிடம் மறைக்காதீர்கள்.